உருக்கும் நைலோனும்

உறுதி என்றதும் நம்மனோர்க்கு இரும்பே நினைவுக்கு வருகின்றது. அசையாத உள்ளத்தை இரும்புள்ளம் என்கின்றோம். முற்றிய மரத்தை வயிரம் பாய்ந்த மரம் என்கின்றோம். பிளாஸ்ரிக்கு என்னும் சொல்லோ போலியானது, மலிவானது, இன்று வாங்கி நாளை எறிவது என்னும் பொருள்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வருகின்றது. பேச்சுவழக்கு உலகியலுக்குப் பொருந்துவதாயினும், பொருளியல்புக்கு எப்போதும் பொருந்துமென்பதில்லை. 1982 ஆம் ஆண்டில் ஒஸ்திரிய நாட்டு இராணுவம் தன் வீரர்க்கென ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கியின் உடற்பகுதி நைலோன் இனத்துப் பிளாஸ்ரிக்கால் வார்க்கப்பட்டது. நாற்பது ஆண்டு கடந்தும் அக்காலத்து உடல்கள் பல இன்றும் சுடக்கூடிய நிலையில் இருக்கின்றன. அவற்றின் பின்னர் வந்த தலைமுறைகள் முன்னையவற்றினும் உறுதியானவை என்று விற்போர் கூறுகின்றனர். பழையவையே உறுதியானவை என்று வைத்திருப்போர் கூறுகின்றனர். இவ்விரு கூற்றினும் மெய் எவ்வளவு என்பதை ஆராய்வதே ஈண்டு நோக்கம்.

கொல்கருவி ஒன்றைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுவதா என்று சிலர் வினவக்கூடும். பிளாஸ்ரிக்கின் உறுதியைச் சோதிப்பதற்கு இதனினும் கொடிய உரைகல் கிடைத்தல் அரிது என்பதே விடை. வாளியும் சீப்பும் உடைந்தால் வேறொன்று வாங்கலாம். கையிலே வெடி வெடிக்கும் கருவி உடைந்தால் வேறு கை வாங்க இயலாது. ஆகவே இதனை ஆக்குவோர் பொருளறிவில் ஏமாற முடியாது.

பல்பகுதியம் என்பதை இரசாயன வகுப்பிற் பயின்ற மாணவர் அறிவர். சிறு மூலக்கூறுகள் சங்கிலிக் கண்ணிகள்போல ஆயிரக்கணக்கிற் கோக்கப்பட்டு நீண்ட மூலக்கூறுகளாவதே அது. அவ்வகையுள் நைலோன் 1935 ஆம் ஆண்டு மாசி மாதத்தில், அமெரிக்க டூப்பொண்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலே, வலஸ் கறோதர்ஸ் என்பாரின் குழுவினராற் பெறப்பட்டது. ஆறு காபன் அணுக்களை உடைய இருவேறு பொருள்கள் மாறி மாறிக் கோக்கப்படுவதால் அதற்கு நைலோன் 66 என்று பெயர். நீண்ட சங்கிலிகள் அருகருகே கிடக்கும்போது ஒன்றன் ஐதரசன் மற்றொன்றன் ஒட்சிசனைப் பற்றிக்கொள்கின்றது. இப்பிணைப்புத் தனித்து நோக்கில் வலிகுறைந்தது, எண்ணிக்கையால் வலியது. பனைநாரிற் கயிறு திரிப்போர் செய்வதும் இதனோடு ஒத்த செயலே. முதலிற் பற்தூரிகையின் மயிராகவும் பின்னர் மகளிர் காலுறையாகவும் உலகுக்கு அறிமுகமான இப்பொருள் துப்பாக்கியின் உடலாகும் என்று அக்காலத்தில் எவரும் எண்ணியிரார்.

இதற்கு முன்னரும் துப்பாக்கியிற் பிளாஸ்ரிக்கு உண்டு. ஆனால் அது பிடியின் இருமருங்கும் ஒட்டிய ஓடாக மட்டும் இருந்தது. செலுலோயிட்டினால் அமைத்த பிடிகள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தாமே சிதைந்து, நைத்திரிக்கமிலச் சாயலுள்ள ஆவியைக் கக்கி, அருகிலுள்ள உருக்கையும் துருப்பிடிக்கச் செய்தன. தான் கெடுவதோடு அமையாது அயலையும் கெடுக்கும் குணம் அது! பேக்கலைற்று அவ்வாறு கெடுவதன்று. வெப்பத்தால் இறுகியபின் மீண்டும் இளகாது. ஆயின் கல்தரையில் விழுந்தால் வெடிக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜேர்மானிய வால்தர் பி-38 கைத்துப்பாக்கியின் பிடி ஓடுகள் பேக்கலைற்றால் ஆனவை. அவை வெடித்தாலும் துப்பாக்கி சுடும். ஏனெனில் அதன் உடல் உருக்கு.

உடலையே பிளாஸ்ரிக்காக்கும் துணிவு 1959 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. டூப்பொண்ட் நிறுவனத்தின் உடைமையாயிருந்த றெமிங்ரன் துப்பாக்கித் தொழிலகம் நைலோன் 66 என்ற பெயராலேயே ஒரு சிறு வேட்டைத் துப்பாக்கியை விற்பனைக்கு விட்டது. அதன் கட்டையும், உள்ளுறுப்புகள் இயங்கும் அறையும் நைலோன் வார்ப்பு. மேலே மெல்லிய உருக்குத் தகடு மூடியாக அமைந்தது. நைலோன்மீது உருக்கு வழுக்கி ஓடுவதற்கு எண்ணெய் வேண்டியதில்லை என்பது வியப்புக்குரிய பயன். அதே ஆண்டில் தொம் பிறை என்ற குறிவீரர், இவ்வினத் துப்பாக்கிகளைக் கொண்டு, வானில் எறியப்பட்ட 1,00,010 மரக்கட்டைகளைச் சுட்டு, ஆறே ஆறு தவறவிட்டார். விளம்பரத்துக்காக நிகழ்ந்ததாயினும் உறுதிக்கு அது நல்ல சான்று. 1980களின் இறுதிவரை பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. எனினும் அது சிறு தோட்டாவுக்குரிய கருவி. அதிற் பயன்பட்ட நைலோனிற் கண்ணாடி நார் கலக்கப்படவுமில்லை.

கைத்துப்பாக்கியில் முதலாவது முயற்சி ஜேர்மனியின் ஹெக்லர்-கொக் நிறுவனத்தினுடையது. 1970 இல் வெளிவந்த அவர்களின் விபி-70 பிளாஸ்ரிக்குச் சட்டகத்தை உடையது. அதன் விசையை இழுப்பதற்குக் கூடிய பலம் வேண்டியிருந்தது, வாங்குவோர் சிலரே. காலத்துக்கு முந்தி வந்த பலவற்றுக்கு நேர்வதே அதற்கும் நேர்ந்தது.

ஒஸ்திரிய இராணுவம் பழைய வால்தர் கைத்துப்பாக்கிகளுக்கு மாற்றுத் தேடியபோது, வியன்னாவை அடுத்த டொய்ச்-வாக்ரம் என்னும் ஊரிலே காஸ்ரன் குளொக் என்பவர் 1963 இல் நிறுவிய சிறிய தொழிலகம் திரைச்சீலைத் தண்டுகளும் இராணுவத்துக்கான கத்திகளும் செய்துவந்தது. துப்பாக்கி செய்து அறியாதவர் அவர். பிளாஸ்ரிக்கை வார்த்து அறிந்தவர். அறியாமை சிலவேளை நன்மை பயக்கும். உருக்கிற் பழகியவர் உருக்குச் சட்டகத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்க முயல்வர். இவரோ வார்ப்பச்சிலிருந்து தொடங்கி, உருக்கு இன்றியமையாத இடம் எது என்று மட்டும் வினவினார் என்பதை அவர் ஆக்கிய கருவியே காட்டுகின்றது. 1982 இல் இராணுவம் ஏற்றுக்கொண்ட அக்கைத்துப்பாக்கி குளொக் 17 எனப்படும். தோட்டாவின்றி அதன் எடை ஏறத்தாழ 625 கிராம்.

உருக்கு இன்றியமையாத இடம் எது? 9 மில்லிமீற்றர்த் தோட்டா வெடிக்கும் கணத்திற் குழலினுள்ளே எழும் அமுக்கம், ஐரோப்பிய நியமம் வகுத்த எல்லையின்படி, 2,350 பார் வரை செல்லலாம். சதுர சென்ரிமீற்றர் ஒன்றன்மீது ஏறத்தாழ 2,400 கிலோகிராம் பாரத்தை ஏற்றுவதற்கு அஃது ஒப்பாகும். உலர்ந்த தூய நைலோன் அதில் மூன்றிலொரு பங்கு தகைப்புக்கே விட்டுக்கொடுத்து நீண்டுவிடும். ஆகவே நைலோன் அவ்விடத்தை அணுகவே கூடாது. குழலும், அதனை மூடி முன்னும் பின்னும் ஓடும் மேலோடும் உருக்கு. வெடிக்கும் கணத்தில் இவையிரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு சிறிது தூரம் சேர்ந்தே பின்னோக்கிச் செல்கின்றன. சன்னம் வெளியேறி அமுக்கம் தணிந்த பின்னரே குழலின் பின்புறம் கீழே சாய்ந்து பூட்டு விடுபடுகின்றது. அமெரிக்கரான யோன் பிறவுணிங் கண்ட பழைய முறையின் வழிவந்தது இது. வெடியின் சீற்றம் முழுதும் உருக்கினுள்ளே அடங்கிவிட, சட்டகத்துக்கு எஞ்சுவது மேலோடு பின்னோக்கி ஓடும் உந்தமும், சாயும் குழல் தரும் அடியும் மாத்திரமே. அவ்வடியையும் நைலோன் நேரே ஏற்பதில்லை. பூட்டுக்கட்டை என்னும் உருக்குத் துண்டு அதனை ஏற்று, குறுக்காணி வழியாகச் சட்டகத்திற் பரப்புகின்றது. மேலோடு ஓடும் தடமும் நைலோன் அன்று. வார்க்கும்போதே பதிக்கப்பட்ட நான்கு சிறு உருக்கு விளிம்புகள்.

நம் உழவரின் கலப்பையை நினைக்க. அதன் உடல் மரம்; மண்ணைக் கிழிக்கும் கொழு இரும்பு. கலப்பை முழுவதையும் இரும்பாற் செய்தால் உறுதி கூடும்; எருதும் உழவனும் முன்னதாகவே ஓய்ந்துவிடுவர். மரத்தாற் கொழு அமைத்தால் ஒரு சாலுக்கும் ஆற்றாது. பல்பகுதியச் சட்டகக் கைத்துப்பாக்கி, கலப்பை வடித்த தச்சன் அறிந்த அதே பகுப்பைப் பின்பற்றியது எனலாம்.

இனி நைலோனின் நலந்தீங்குகளை நோக்குவோம். உருக்கின் அடர்த்தி 7.85; நைலோனின் அடர்த்தி 1.14. விறைப்பிலோ உருக்கு நைலோனைப் போல அறுபது மடங்குக்கு மேற்பட்டது. இக்குறையை நீக்குவதற்குத் தொழிலுலகம் கண்ட வழி கண்ணாடி நார் கலத்தல். நூற்றுக்கு முப்பத்து மூன்று பங்கு கலந்த நைலோனின் விறைப்பு மும்மடங்காகின்றது, அடர்த்தி 1.4 ஐ எட்டுவதில்லை. மண்சுவருக்கு வைக்கோல் செய்யும் உதவி அது. பனைமரத்தின் கரிய வயிரமும் இவ்வமைப்பே: மென்மையான பொருளினுள் வன்மையான நார்கள் நெருங்கிப் படிந்திருத்தல். 1993 இல் வெளிவந்த ஹெக்லர்-கொக் யூஎஸ்பி போன்றவற்றின் சட்டகங்கள் கண்ணாடி நாரூட்டிய நைலோன் என்று வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டன. குளொக் நிறுவனம் தன் கலவையை மறைபொருளாக வைத்துள்ளது.

நைலோன் நீரை உறிஞ்சும். நீரில் நெடுங்காலம் ஊறினால் நைலோன் 66 தன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் நீரை ஏற்கும். அந்நீர் சங்கிலிகளுக்கிடையே புகுந்து ஐதரசன் பிணைப்புகளைத் தளர்த்துகின்றது. விறைப்புக் குறைகின்றது, ஆயின் அடிதாங்கும் இயல்பு கூடுகின்றது. ஈரக்காற்று உருக்குக்குப் பகை, நைலோனுக்கு ஒருவகையில் நட்பு! எண்ணெயும் பெற்றோலும் அதனைக் கெடுப்பதில்லை, வன்னமிலங்கள் கெடுக்கும். வெயிலின் ஊதா கடந்த கதிர்கள் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கும். புகைக்கரியைத் தூளாகக் கலந்தால் அக்கரி கதிர்களைத் தான் உண்டு நைலோனைக் காக்கும். கரிய நைலோன் நிறமற்ற நைலோனிலும் நெடுங்காலம் வெயில் தாங்குவது இதனாலேயே.

இவை யாவற்றினும் முதன்மையானது அது வளைந்து மீளும் இயல்பு. சுடும்போது விரைவுப் படமெடுத்தால் சட்டகம் சற்று நெளிந்து மீள்வதைக் காணலாம். பலவீனத்தின் அடையாளமென்று இதனைக் கண்டு அஞ்சியோர் உளர். உண்மையில் ஒரு கணத்தில் விழும் அடியைச் சற்று நீண்ட நேரத்திற்குப் பரப்புவதால் உருக்குறுப்புகளுக்கும் கைக்கும் அது உதவி புரிகின்றது. எடை குறைப்பதற்கென முன்னர்ப் பலர் நாடிய அலுமினியத்தின் நிலை வேறு. சிறு தகைப்பாயினும் எண்ணற்ற முறை திரும்பத் திரும்ப ஏற்றால், அதனுள் வெடிப்புத் தோன்றி வளரும். இன்ன எல்லைக்குள் இருந்தால் என்றும் இளைப்புறாது என்னும் உறுதி அலுமினியத்துக்கு இல்லை. தமிழ்நாட்டார் பிளாஸ்ரிக்குக்கு நெகிழி என்று பெயரிட்டனர். மொழியாசிரியன் என்ற முறையில் அச்சொல் எனக்கு உவப்பானது. அப்பொருளின் குறையெனக் கருதப்பட்டதையே அதன் இலக்கணமாகக் கொண்ட பெயர் அது.

பிளாஸ்ரிக்குத் துப்பாக்கி என்ற செய்தி 1980களில் அமெரிக்காவை எட்டியபோது பெருங்கலக்கம் உண்டாயிற்று. விமான நிலையத்துக் கதிர்ப்படக் கருவியின் கண்ணுக்குத் தப்பும் ஆயுதம் வந்துவிட்டதென்று பத்திரிகைகள் எழுதின. எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உருக்காயுள்ள பொருள் எவ்வாறு மறையும்? 1988 ஆம் ஆண்டுச் சட்டம், குறைந்தது 3.7 அவுன்ஸ் உருக்குக்கு ஒப்பாகக் கருவியிற் புலப்படாத துப்பாக்கிகளைத் தடைசெய்தது. குளொக் அவ்வெல்லையைப் பன்மடங்கு கடந்து நின்றமையால் அச்சட்டம் அதனைத் தீண்டவேயில்லை. பொருளின் பெயரைக் கேட்டுப் பொருளை அளவிடுவதால் வந்த கலக்கம் இது.

இனித் தலைமுறைகளின் கதை. முதற்றலைமுறையில் மெய்யான குறை சட்டகத்தில் அன்று, தோட்டாக்கூட்டிலேயே வெளிப்பட்டது. அக்கூடு பிளாஸ்ரிக்கு, உள்ளே உலோகத் தகடு நாற்புறமும் முழுதாகச் சூழ்ந்திருக்கவில்லை. தோட்டாக்களை நிரப்பி வைத்தால் அடியிலுள்ள சுருள்வில் ஓயாது அழுத்த, கூடு மெல்லப் புடைத்து, பிடிக்குள் இறுகி, விடுவித்தாலும் தானாக விழாதாயிற்று. பிளாஸ்ரிக்கு ஒருகணத்து அடியை நன்றாகத் தாங்கும். ஓயாத சிறு அழுத்தத்துக்கு மெல்ல மெல்ல இணங்கிப்போகும். மாந்தருள்ளும் இவ்வியல்பினர் உளர். பின்னர் உலோகத்தகடு முழுச்சுற்றும் இடப்பட்டது. குறை நீங்கியது, நீக்கியது உருக்கு.

1988 இல் வந்த இரண்டாந் தலைமுறை பிடியின் முன்னும் பின்னும் சொரசொரப்பான கட்டங்களைப் பெற்றது. அது கைக்கு உதவி. உறுதிக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. உறுதிக்குச் சோதனை வந்தது 1990 இலே. அவ்வாண்டு அறிமுகமான .40 அங்குலத் தோட்டாவின் சன்னம் பாரமானது. ஏறத்தாழ 9 மில்லிமீற்றருக்கென வகுத்த அதே அளவுச் சட்டகத்தில் மேலோடு கூடிய விசையோடு பின்னோக்கி மோதிற்று. பூட்டுக்கட்டையிலிருந்து ஒரே இடத்தில் வந்து விழும் பாரத்தைப் பகிர்வதற்கு, மேலுமொரு குறுக்காணி சேர்க்கப்பட்டது. முதலில் .40 துப்பாக்கிகளுக்கும், பின்னர் 9 மில்லிமீற்றருக்கும் அது பொதுவாயிற்று. 1990களின் பிற்பகுதியில் வந்த மூன்றாந் தலைமுறை விரற்குழிகளையும், விளக்குப் பூட்டுவதற்கான தடத்தையும் பெற்றது. நெளிந்து மீள இடங்கொடுத்து அமைத்த சட்டகத்தின் முன்புறத்தில் விளக்கின் பாரத்தைத் தொங்கவிட்டால் அந்நெளிவின் போக்கு மாறும். .40 துப்பாக்கிகள் சிலவற்றில் விளக்குப் பூட்டியபின் இடர்கள் தோன்றியதன் பொருள் இதுவே. பிளாஸ்ரிக்கு உடையவில்லை, அதன் இயல்புக்கு ஏற்ற கணக்கே பிழைத்தது.

2010 இல் நான்காந் தலைமுறை. மேலோட்டைத் தாங்கும் மீள்சுருள் ஒன்றுக்கு ஒன்றாக இரட்டிக்கப்பட்டது. சட்டகம் பெறும் அடி தணிய வேண்டும் என்பதே கருத்து. ஆயினும் தொடக்கத்து இரட்டைச் சுருள்களை 2011 இல் நிறுவனமே மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. புதியது என்பதனால் மட்டும் உறுதி வந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? 2017 இல் வந்த ஐந்தாந் தலைமுறையில் விரற்குழிகள் நீங்கின. முன்னர்ச் சேர்த்த மூன்றாவது ஆணியும் நீங்கிற்று; சட்டகம் மீண்டும் இரண்டு ஆணிகளுக்குத் திரும்பியது. மேலோட்டுக்கு வயிரம்போன்ற காபன் பூச்சு இடப்பட்டது. அதற்கு முன்னர் நைதரசனை ஊட்டியே உருக்கின் மேற்றோலை வன்மையாக்கினர். நைலோன் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் நைதரசன் உண்டு. அதன்மேல் ஓடிய உருக்கின் தோலிலும் அதே நைதரசன். இரசாயன ஆசிரியர் எவரேனும் இதனை வகுப்பிற் சொன்னால் மாணவர் மறவார்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று புலனாகும். சேர்த்தும் நீக்கியும் திருத்தியும் வந்தவற்றுள் உறுதியைத் தொட்டவை அனைத்தும் நைலோனும் உருக்கும் சந்திக்கும் இடங்கள்: ஆணி, சுருள், தகடு, தோல். அவற்றுட் பல கழற்றி மாற்றக்கூடியவை. ஆகையால் முதற்றலைமுறைச் சட்டகத்தை உடையவன் சுருளையும் ஆணியையும் காலந்தோறும் மாற்றிவந்தால் அவன் கருவி பின்னையதற்கு எளிதில் இளைக்காது. பெரிய தோட்டாவை இடையறாது சுடுபவனுக்குப் பின்னைய தலைமுறை மேலானது. விற்போர் கூற்றும் வைத்திருப்போர் கூற்றும் இவ்வளவில் மெய்யே. சுருளுக்குச் செலவிட மனமின்றி நைலோனைப் பழிப்போர் கூற்று எவ்வகையிலும் மெய்யன்று. இன்னொன்றும் சொல்லவேண்டும். நைலோன் துருப்பிடியாது, உளுக்காது. புதைத்த உருக்குத் துப்பாக்கியை மண் சில பத்தாண்டுகளில் உண்டுவிடும். நைலோன் சட்டகத்தை அவ்வளவு விரைவில் உண்ணாது. பொருளின் ஆயுளை நன்மையென்றே எண்ணிப் பழகிய நமக்கு, இக்கருவியின் ஆயுள் யாருக்கு நன்மை என்று கேட்பதும் முறையே.

கலப்பையின் கொழுவையும் மரத்தாற் செய்ய முனைந்தார் போன்றோரும் உளர். 2013 இல் அமெரிக்காவிலே, கணினியின் கட்டளைப்படி பிளாஸ்ரிக்கை அடுக்கடுக்காக இடும் பொறியினால், குழலும் பிளாஸ்ரிக்காகவே ஒரு துப்பாக்கி செய்து காட்டப்பட்டது. அதன் குழல்கள் ஒரு வெடியிலோ சில வெடிகளிலோ பிளந்தன. சுட்டவன் கைக்கும் குறிக்கும் இடையே அது வேற்றுமை அறியாது.

அதற்கு எதிர்த்திசையிற் சென்றது 2014 இல் வெளிவந்த சிக் பி-320. அமெரிக்க இராணுவம் 2017 இல் எம்-17 என்ற பெயரால் ஏற்றுக்கொண்டது இதன் ஒரு வகையையே. இதில் விசையையும் அதனோடியைந்த உறுப்புகளையும் தாங்கும் துருப்பிடியா உருக்குக் கூடு ஒன்று தனியே உண்டு. மேலோடு ஓடும் விளிம்புகளும் அதனுடையவையே. அக்கூட்டைத் தூக்கி எடுத்து வேறொரு பிளாஸ்ரிக்குப் பிடியில் இட்டால் துப்பாக்கியின் அளவே மாறிவிடும். குளொக்கில் இலக்கத்தைப் பொறித்த தகடு பிளாஸ்ரிக்குக்குள்ளே பதிந்திருக்க, சட்டத்தின் பார்வையில் அச்சட்டகமே துப்பாக்கி. பி-320 இலே இலக்கம் உருக்குக் கூட்டின்மீது பொறிக்கப்பட்டு, பிடியில் விட்ட சிறு சாளரத்தினூடாகத் தெரிகின்றது. பிடி தேய்ந்தாலோ வெடித்தாலோ, சட்டை மாற்றுவதுபோல, இலக்கம் ஏதுமற்ற வேறொன்றைக் கடையில் வாங்கி மாற்றிக்கொள்கின்றனர்.